ஒத்துப் பார்க்கும் இங்கிலீஷ்

வெள்ளைக்காரன் ஊர் ஊராகப் பிடித்து வைத்திருந்தானே தவிர, ஓசையில் மகா கஞ்சன். கப்பலின் பாய்க்கும் கடையின் விற்பனைக்கும் ஒரே சத்தம்தான் வைத்திருந்தான். எடைக்கும் காத்திருப்பதற்கும் ஒரே சத்தம். பஞ்சுப் பொதிக்கும் கோர்ட்டில் கொடுக்கிற ஜாமீனுக்கும் ஒரே சத்தம். காகிதத்தில் பார்த்தால் எழுத்து வேறு வேறாக இருக்கும். வாயில் போட்டால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகிவிடும். அந்த இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவதுதான் யுத்த காலம் முழுக்க எனக்குப் பிழைப்பு. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்துப் பேசாததால் அது உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புதுக்கோட்டை. ராஜா இருந்த புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியை விட்டுத் திருநெல்வேலி ரோட்டில் ஏறியதும் வருகிற புதுக்கோட்டை. அப்பாவுக்கு அங்கே கருப்பட்டிக் கடை. ஈயும் எறும்பும் நாங்களுமாக அந்தக் கடையில் கூட்டுக் குடும்பம் நடத்தினோம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்றே, தராசைப் பிடிக்கிற கை என் கையாக இருக்காது என்று தீர்மானித்தேன். யுத்தம் வந்து என்னைக் காப்பாற்றியது. உலகத்தில் எத்தனையோ பேரைக் கொன்ற யுத்தம் எனக்கு மட்டும் உத்தியோகம் கொடுத்தது.

வேலை கொடுத்தது பஞ்சும் பனை நாரான தும்பும் நிலாவிரை என்கிற மருந்து இலையும் ஏற்றுமதி செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. எங்கள் கடல் ஆழம் இல்லாதது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கு தோணியில் போகும். அதனால் ஒரே காகிதத்துக்குப் பல நகல் வேண்டும். தோணிக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. யுத்தத்தில் கார்பன் தாளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒவ்வொரு நகலையும் கையால் எழுதினார்கள். எழுதியதை ஒத்துப் பார்க்கத் தற்காலிகமாக ஆட்களை எடுத்தார்கள். அதற்கு ஆபீசில் கம்பேர் என்று பேர்.

கம்பேருக்கு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவன் கையில் அசல், இன்னொருவன் கையில் நகல். அசல்காரன் கமா, புல்ஸ்டாப் எதையும் விடாமல் சத்தமாக வாசிப்பான். நகல்காரன் வரிக்கு வரி ‘சரி’ என்பான். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அசல்காரன் பள்ளிக்கூடத்தில் படித்தபடி அழகாக வாசித்தால், நகலில் பொதிக்குப் பதிலாக ஜாமீன் என்று எழுதியிருந்தாலும் கேட்கிறவன் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ‘சரி’ என்று சொல்லிவிடுவான். நான் சேருவதற்கு முன்னால் அப்படி ஒரு காகிதம் கொழும்புக்குப் போய், ‘உங்கள் ஆட்கள் எத்தனை பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?’ என்று அங்கிருந்து விசாரித்து எழுதினார்களாம்.

அதனால் கடற்கரைச் சாலை ஆபீசுகளில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எழுத்தில் என்ன இருக்கிறதோ அத்தனையையும் வாயால் சொல்லிவிடுவது. பஞ்சுப் பொதிக்கு ‘பா-லே’, ஜாமீனுக்கு ‘பா-இல்’. விற்பனைக்கு ‘சா-லே’, கப்பல் பாய்க்கு ‘சா-இல்’. எடைக்கு ‘வெ-யிக்-ட்’. கயிற்று முடிச்சுக்கு ‘க்நாட்’. பாங்கில் வாங்குகிற டிராப்டுக்கு எந்த உபத்திரவமும் இல்லை. கப்பல் தண்ணீரில் அமிழ்கிற ஆழத்துக்கும் டிராப்ட் என்றே சத்தம், அதற்கு மட்டும் ‘ட்ராவுக்ட்’. இப்படி வாசித்தால் தப்பு நுழையவே முடியாது. ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு பாணி இருந்தது. எங்கள் ஆபீஸ் பாணியில் பாதி என் கண்டுபிடிப்பு. மூச்சு விடுகிற இடம், இழுக்கிற இடம் எல்லாம் வைத்து ஒரு ராகமே போட்டிருந்தேன்.

சாயங்காலம் கடற்கரையில் மற்ற ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள்.

“அண்ணாச்சி, துறைப் பாலத்துக்கும் பியர், சீமைப் பிரபுவுக்கும் பியர். நீங்க எப்படிப் பிரிக்கிய?”

“பாலத்துக்கு ‘பி-யெர்’. பிரபுவுக்கு ‘பே-யெர்’.”

“பிரபு பேயாயிட்டாரே, அண்ணாச்சி!”

“ஆனா ஆயிட்டுப் போறாரு. சரக்கு பாலத்துல எறங்குதா, பிரபு தலையில எறங்குதா?”

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மண்டை கனத்துவிடும்.

என் எதிரே நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரர். என் வயசுதான். அதிகம் பேசமாட்டார். யுத்தம் முடிகிறவரை அவர் வாயிலிருந்து ஆபீசில் நான் கேட்ட சொற்கள் ‘சரி’, ‘இல்ல’, இரண்டுதான். ஆபீசுக்கு வெளியே வந்தால் நான் விடுவேனா?

“உமக்கு இங்கிலீஷ் தெரியுமாவே, இல்ல பூம்பூம் மாடா?”

“நீரு கூவும்வே. நான் பாத்துக்கிடுதேன்.”

யுத்தம் முடிந்தது. கார்பன் தாள் வந்தது. தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றும், ஒரே ஒருவரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள் என்றும் பேச்சு வந்தது. அந்த ஒரு நாற்காலிக்கு நானும் என் எதிராளியும் பாக்கி. வீட்டில் அப்பா கேட்டார்: “ஏலே, கம்பெனிக்காரன் உன்னய வச்சுக்கிடுவானா, இல்ல கடைக்கு வாரியா? ஒண்ணச் சொல்லு. கல்லாவுல ஒக்கார எனக்கும் முதுகு முடியல.”

“வச்சுக்கிடுவான்” என்றேன். தெருவில் என்னைக் ‘கம்பெனிக்காரர்’ என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். அந்தப் பேரோடு போய்க் கருப்பட்டி நிறுக்கவா?

யுத்தத்துக்குப் பின் வந்த பெரிய துரை புதியவர். துறைமுகத்துக்கும் ஆபீசுக்கும் டெலிபோன் போட்டிருந்தார்கள். காகிதத்தை டெலிபோனில் வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும், இரண்டு பேரும் வந்து வாசித்துக் காட்டுங்கள் என்று உத்தரவு. எனக்குச் சிரிப்பு வந்தது. வாசிப்பா? மீனுக்கு நீச்சல் பரீட்சையா?

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். துரை ஒரு கடிதத்தை நீட்டினார். பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது. பொதி, எடை, பாய், முடிச்சு, கப்பலின் ஆழம்... என் பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்: “பா-லே-ஸ் ஆஃப் காட்டன் கமா வெ-யிக்-ட் ஆஸ் பெர் இன்வாய்ஸ் புல்ஸ்டாப்...”

துரை கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மணியடித்துப் பக்கத்து அறையிலிருந்து சின்ன துரையை வரவழைத்தார். அவருக்காகவும் வாசித்தேன், அந்தத் தடவை ராகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சின்ன துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பாவம், தன் மொழியை ஓர் எழுத்துக்கூட விடாமல் முழுசாகக் கேட்டு எவ்வளவு காலமாயிற்றோ என்று நினைத்தேன். ‘வெரி குட்’ என்று அனுப்பிவைத்தார்.

வெளியே என் எதிராளி பெஞ்சில் காத்திருந்தார்.

“என்னவே, எப்படி?”

“திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாவ வே. கண்ணுல தண்ணி வந்துட்டு.”

“அழுதாவளா?”

“உருகிட்டாவ.”

அவர் உள்ளே போனார். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. அத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர். பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர் நாக்கில் என்ன வைத்துவிட்டுப் போனாரோ அது மடித்து வைத்த வேட்டி மாதிரி அழுக்குப்படாமல் அப்படியே இருந்தது. பொதியும் ஜாமீனும் ஒன்றாகவே ஒலித்தன. எடையும் காத்திருப்பும் ஒன்றாகவே ஒலித்தன. ‘அட பாவமே, பிரிக்கத் தெரியவில்லையே’ என்று மனப்பூர்வமாக அவருக்காக இரக்கப்பட்டேன்.

நாற்காலி அவருக்குப் போனது.

நான் தலைமைக் குமாஸ்தாவிடம் போய் நின்றேன். அவர் பைலைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “துரைக்கு ஒம்ம வாசிப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா டெலிபோன்ல ஒரு சொல்லு வெளங்காதுங்காவ.”

“அப்பம் எதுக்கு அத்தன தடவ வாசிக்கச் சொன்னாவ? சின்ன துரையவேற கூப்புட்டு?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது சுற்றுகிற நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எனக்குச் சரியான உச்சரிப்பு தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நானும் ஒழுங்காக வாசித்தவன்தான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிற மாதிரி, ஆபீஸ் வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கம்பெனிக்கு அதுதான் வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் செருப்பைக் காணவில்லை. கோயில் கட்டியவனே, வெறுங்காலோடு நிற்கிறானே என்று சிரிக்கிறான்.

கடைக்கு வந்தேன். தெருவில் ‘கம்பெனிக்காரர்’ என்ற பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை. கூப்பிடுகிற தொனியை மாற்றினார்கள். நான் சும்மா இருக்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாக்கைத் திருப்பிப் பழக்கினேன். எடையைச் சொல்லும்போது நடுவில் இருக்கிற எழுத்துகளை விழுங்க வேண்டும். முடிச்சைச் சொல்லும்போது முதல் எழுத்தை விழுங்க வேண்டும். வருஷக்கணக்காக வெளியே துப்பியதை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். “கருப்பட்டிக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கியாலே? பயந்து உருகிறப் போவுது.”

உருகட்டும் என்று தொடர்ந்தேன். நாக்கு ஒரு வழியாகத் திரும்பிவிட்டது என்று நம்பிக்கை வந்த சமயத்தில் என் பழைய எதிராளி சைக்கிளில் கடை வாசலில் வந்து இறங்கினார்.

“துரை பங்களாவுக்குக் கொழும்புலேருந்து விருந்தாளி வாராவ. ஒம்மக் கூட்டிட்டு வரச் சொன்னாவ.”

“எம் பேரச் சொன்னாவளா?”

அவர் சைக்கிள் மணியைத் தேய்த்தார். “‘வெயிக்ட்’ ஆளக் கூட்டிட்டு வான்னாவ.”

“வந்தா?”

“ஆபீசுல இன்னொரு எடம் வரப்போவுது வே. துரை மனசு குளுந்திருக்கும்போது நான் கேக்கேன். ஒரு தடவ வந்து வாசிச்சிரும்.”

போவதென்று முடிவு செய்தேன். ஆனால் எனக்கு வேறு திட்டம். கொழும்பு விருந்தாளிகள் முன்னால் சுத்தமாக வாசித்துக் காட்டுவது. டெலிபோனில் பேச இவனும் லாயக்கு என்று துரையே தெரிந்துகொள்ளட்டும்.

பங்களா கடலைப் பார்த்த மாதிரி இருந்தது. பொழுது சாயவில்லை. வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளில் துரைகளும் துரைசாணிகளும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கூட்டி வந்த நண்பர் ஓர் ஓரமாக நின்றார். துரை ஏதோ சொல்லி என்னை அறிமுகம் செய்ய, எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்கள். கையில் அதே கடிதம். நான் வாசித்தேன். பொதியை வாசித்தேன், எடையை வாசித்தேன், கப்பலின் ஆழத்தை வாசித்தேன். ஓர் எழுத்து பிசகவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அப்படி வாசித்ததில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு துரைசாணி கண்ணாடித் தம்ளருக்குள் பார்த்தாள். விருந்தாளிகளில் ஒருவர் தோணிகளை எண்ணுகிறவர் மாதிரி கடலைப் பார்த்தார். துரையின் முகத்தில், ஆடும் என்று கூட்டிவந்த குரங்கு சும்மா உட்கார்ந்துவிட்டால் குரங்காட்டிக்கு வருகிற கோபம். அவர் என் நண்பரைப் பார்த்தார். நண்பர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“பழைய மாதிரி வாசியும்வே.”

“இதானவே சரி.”

“சரியா வாசிக்கதுக்குத்தான் நான் இருக்கேம்லா.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவருடைய நாற்காலியையும் அன்றைக்கு என்னோடு சேர்த்துத்தான் பணயம் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார் என்பது அவர் துரையை ஓரக்கண்ணால் பார்த்ததில் தெரிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மறுபடி கடிதத்தின் முதல் வரிக்குப் போனேன்.

“பா-லே-ஸ் ஆஃப் காட்டன் கமா...”

வராந்தா முழுக்கச் சிரிப்பு. ஒரு துரைசாணி ‘க்நாட்’டை மட்டும் திரும்பக் கேட்டாள், கொடுத்தேன். போகும்போது துரை முதுகில் தட்டினார். என் நண்பர் வழி நெடுக, “குளுந்துட்டாவ வே, குளுந்துட்டாவ” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: “அந்த எடத்தையே எடுத்துட்டாவ வே. வெள்ளக்காரன் போவப் போறாம்லா, ஆளக் குறைக்காவ.”

“நீரு கேட்டீரா?”

“கேட்டேன். ‘அவனுக்கு எதுக்கு ஆபீஸ் வேல, அவன் ஒரு கலைஞன்’னுட்டாவ.” சொல்லிவிட்டுச் சங்கிலியைப் பார்த்தார். “அடுத்த மாசம் மதுரைலேருந்து விருந்தாளி வாராவளாம். ஒம்மக் கேட்டாவ.”

போனாயா என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். அந்தத் துரை சீமைக்குக் கப்பல் ஏறுகிறவரை, கூப்பிட்டபோதெல்லாம் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். ஒருவேளை மறுபடியும் ஓர் இடம் வரலாம் அல்லவா? சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டுதான் போவேன். நன்றாக வாசித்தேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.