நூறு வருஷத்துக்கு முன்னால் என்று போட்ட நாடகம்

என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். இரண்டு பிள்ளைகள் காலத்தைத் தாண்டிப் பின்னால் போகிறார்கள். வேறொரு தேசத்தில் கறுப்பு நிற மக்களைச் சங்கிலியில் கட்டி அடிப்பதைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, அழுதுவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். "நீயும் படிம்மா, நல்லா இருக்கு" என்றாள். படித்தேன். நல்ல கதைதான். ஆனால் அன்று முழுக்க எனக்கு 1991-இல் நாங்கள் போட்ட நாடகமே நினைவில் ஓடியது. அதை இதுவரை அவளிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது. எழுதுவது கொஞ்சம் வரும், பத்தாம் வகுப்பு அளவுக்கு.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பக்கம் எங்கள் ஊர். பெயரை எழுதப் போவதில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. நாங்கள் இருந்தது காலனியில். பள்ளிக்கூடமும் பஸ் நிற்கும் இடமும் ஊர்த்தெருவைத் தாண்டி இருந்தன. காலனிக்காரர்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தருகே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் என்றால் இறங்கித் தள்ள வேண்டும். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. மழை வந்தால் ஒதுங்குகிற மாதிரி அதுவும் கூடவே வந்துவிட்டது.

அந்த வருஷம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஆண்டு விழாவுக்கு அவரே ஒரு நாடகம் எழுதினார். இன்றைய பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பறை பீரோவுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தால் அதே ஊர், ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால். அங்கே செருப்புப் போட்டுத் தெருவில் நடந்த ஓர் ஏழையைப் பண்ணையார் மரத்தில் கட்டி அடிக்கிறார். பிள்ளைகள் "ஏன் அடிக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். பிறகு பீரோவுக்குள் புகுந்து இந்தக் காலத்துக்கு வந்து, எல்லோரும் சமம் என்று பாடுகிறார்கள்.

வேஷம் கொடுக்கும்போது டீச்சர் மாற்றிக் கொடுத்தார். "அடி வாங்குற வேஷம் எப்பவும் காலனிப் பிள்ளைங்களுக்கேவா?" என்றார். உயரமாக இருந்ததாலும் பேச வராததாலும் பண்ணையார் வேஷம் எனக்கு வந்தது. எனக்கு இரண்டே வசனம். "யாருடா அவன்?" "கட்டுடா மரத்துல." மற்றதெல்லாம் சாட்டை. அடி வாங்கும் ஏழை வேஷத்தை ரைஸ்மில்காரர் மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். அதில்தான் நீளமான வசனமும் அழுகையும் இருந்தது. அவன் என் வகுப்புதான். நான் வசனத்தை மறந்து நிற்கும்போது வாயசைத்து எடுத்துக்கொடுப்பான். மூங்கில் கைப்பிடியில் வாழைநாரைப் பின்னி டீச்சர் ஒரு சாட்டை செய்திருந்தார். நான் தரையில் அடிப்பேன், அவன் "ஐயோ சாமி" என்று துள்ளுவான். எல்லோரும் சிரிப்போம்.

என் மாமா, அம்மாவின் தம்பி, அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். கம்பெனியில் ஷூ கொடுத்திருந்தார்கள். கணுக்காலுக்கு மேல்வரை லேஸ் கட்டுகிற கனமான ஷூ. காலனியில் அவரைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்கள்.

"இன்னா மச்சான், போலீஸ் வேலைக்கா போற?"

"போடா. இத்த கழட்டி மாட்டறதுக்குள்ள ஷிப்ட்டே முடிஞ்சிடும் போலகீது."

முதல் இரண்டு வாரம் விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து கழற்றினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாமதமாகிவிட்டது. பஸ் வரும் சத்தம் கேட்டது. ஷூவோடு சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டார்.

நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். ரைஸ்மில் வாசலில் சைக்கிளோடு அவரைத் தள்ளினார்கள். மில்காரர் உள்ளே போய் மெஷினில் ஓடுகிற பெல்ட்டின் அறுந்த துண்டை எடுத்து வந்தார். கையகலம் இருக்கும். முதல் அடி முதுகில், இரண்டாவது வாயில். மாமா பல்லைத் துப்பினார். எழ முயன்றபோது இரண்டு பேர் கால்களை அமுக்கிக்கொண்டார்கள். அடித்து முடித்ததும் மில்காரர் குனிந்து, நிதானமாக இரண்டு ஷூ லேஸையும் அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து, ஷூக்களை மாமாவின் கழுத்தில் மாட்டினார். "இப்ப போடா கம்பெனிக்கு" என்றார். மாமா அப்படியே நடந்தார். மார்பில் ஷூ இரண்டும் மோதிக்கொண்டே போயின. என்னைக் கடந்தபோது என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போய் வாய்ப்பாடு சொன்னேன்.

அன்று மாலை ஒத்திகையில் காலனித் தோழி ஒருத்தி எழுந்து கேட்டாள். "டீச்சர், நூறு வருஷம்னு போட்டுக்கீறீங்களே, இவ மாமாவ இன்னிக்கு காலைலகூட இதுக்குத்தான அடிச்சாங்க?"

டீச்சர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நூறுன்னு போட்டாத்தான் ஹெட்மாஸ்டர் விடுவார். நூறுன்னா யாருக்கும் கோவம் வராது. சும்மா இரு" என்றார். யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. மில்காரர் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் நைனா, என் அப்பா, நாடகம் வேண்டாம் என்றார். நான் அழுதேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டீச்சர் கோபித்துக்கொண்டால் படிப்பு போய்விடும் என்று பயந்தேன். கடைசியில் நைனா சொன்னார்: "போ. ஆனா எதுனா வம்பு வந்துச்சி, அன்னியோட பள்ளிக்கூடம் கெடையாது. என்னாண்ட செங்கல் சூளைக்கு வந்துடணும். இன்னா?"

"சரி நைனா."

பத்தாவது வரை படித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. அதனால்தான் அடுத்து நான் செய்ததை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

விழா மாலை நான்கு மணிக்கு. நைனாவும் அம்மாவும் காலனி ஜனங்களோடு பின்னால் நின்றார்கள். மைக் செட்டு மில்காரர் செலவு, அதனால் முதல் வரிசையில் நடு நாற்காலி அவருக்கு. எனக்கு மீசை வரைந்து தலைப்பாகை கட்டியிருந்தார்கள். அவர் மகன் கிழிந்த வேட்டியும் பெரிய செருப்புமாக மேடைக்கு வந்தான். மகனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் மில்காரர் சிரித்தார். "சாமி, கால்ல முள்ளு குத்துது சாமி, அதான் போட்டேன்" என்று அவன் சொன்னபோது தொடையில் தட்டிச் சிரித்தார். மாமாவின் லேஸை அவிழ்த்த விரல்கள் அவை.

"கட்டுடா மரத்துல" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. கட்டினார்கள். சாட்டையைத் திருப்பிப் பிடித்து, மூங்கில் கைப்பிடியால் அவன் தோளில் அடித்தேன்.

அவன் நடிப்பை விடவில்லை. "ஐயோ சாமி" என்றான். கூட்டம் கை தட்டியது. இரண்டாவது, மூன்றாவது. அப்போதும் வசனத்தைத்தான் சொன்னான். நான்காவது அடி காதில் விழுந்தது. காதுமடல் பிளந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. ஐந்தாவதில் அவன் வசனம் நின்றுவிட்டது, என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னான். ஆறாவதும் அடித்தேன். நான் அடிக்க நினைத்தது அவனை இல்லை. நாற்காலியில் இருந்தவரை அடிக்க என் கை எட்டாது, இவன் எட்டினான்.

மில்காரர் மேடைமேல் தாவி என் வயிற்றில் உதைத்தார். பீரோவோடு சாய்ந்தேன். டீச்சர் நடுவில் ஓடி வந்து, "நாடகங்க! நூறு வருஷத்துக்கு முன்னாடி நடக்குற கதைங்க!" என்று கத்தினார்.

"நூறு வருசமா? இப்பதானடி அடிச்சா? எம்புள்ள காதப் பாருடி!"

அவர் டீச்சரையும் அறைந்தார். அதற்குள் நாற்காலிகள் பறந்தன. ஊர்த்தெருக்காரர்கள் காலனி ஜனங்களைக் கம்பாலும் கல்லாலும் அடித்துத் தெரு வழியாக விரட்டினார்கள். அன்று யாருக்கும் செருப்பைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. அதற்கும் சேர்த்து அடித்தார்கள். காலனிக்குள் புகுந்து கூரைகளை இழுத்துப் போட்டார்கள். சட்டி பானை எல்லாம் உடைந்தன. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய நைனாவின் மணிக்கட்டில் கடப்பாரை விழுந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் என் காதருகே கேட்டது. அவர் என்னைக் கீழே போடவில்லை.

மாமா அதற்கு முன்பே மண்ணூரில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். டீச்சர் மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பஞ்சாயத்து. தலைமை ஆசிரியர் ஓரமாகக் கைகட்டி நின்றார். எங்களைத் தரையில் உட்கார வைத்தார்கள். மில்காரர் நீளமாகப் பேசவில்லை. "எத்தினி பேர் பாக்க எம்புள்ளைய அடிச்சாளோ, அத்தினி பேர் பாக்க அவன் இவள அடிக்கணும். அதே ஆறு. அப்புறம் அவ பள்ளிக்கூடம் வரட்டும், நான் கேக்கமாட்டேன். முடியாதுன்னா இந்தப் பக்கமே கால் வைக்கக் கூடாது."

நைனா துணியில் தொங்கிய கையோடு என்னிடம் குனிந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"வாணாம்மா. வுட்டுடு. பொட்டப் புள்ள, அடி வாங்கினு படிச்சி இன்னாத்த கிழிக்கப் போற? சூளைக்கு வா. நான் பாத்துக்கறேன்."

"வாங்கிக்கறேன் நைனா" என்றேன்.

"இன்னா?"

"ஆறுதான. வாங்கிக்கறேன். பள்ளிக்கூடம் போறேன்."

பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் நான் சொந்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நைனா எதிரே இருந்தவர்களைப் பார்த்து, "அடிக்கச் சொல்லுங்க ஐயா" என்றார்.

மில்காரர் மகன் காதில் கட்டோடு வந்தான். கையில் வண்டி மாடு ஓட்டும் தோல் சாட்டை. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். முதல் அடி தரையில் விழுந்தது. ஒத்திகையில் நான் அடித்ததுபோலவே.

"டேய்!" என்றார் மில்காரர். வந்து மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது என் முதுகில் விழுந்தது. சட்டை கிழிந்தது தெரிந்தது, வலி கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. பிறகு வலி மட்டும்தான் இருந்தது. மூன்றாவதில் முழங்காலில் விழுந்தேன். அவர் கையை விட்டு விலகினார், மகனே அடிக்கட்டும் என்று. அவன் என் பக்கம் குனிந்து, "கத்துடி. கத்தினா வுட்டுடுவாங்க. கத்து" என்று அழுதான். கத்தக் கூடாது என்று வைராக்கியமெல்லாம் எனக்கு இல்லை. கத்தத்தான் பார்த்தேன், சத்தம் வரவில்லை. நான் கத்தாததால் அவன் மீதியையும் அடிக்க வேண்டியிருந்தது. தரையில் விழுந்ததை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வாரத்திலேயே அவனைக் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் போட்டுவிட்டார்கள். அவனை நான் அப்புறம் பார்க்கவில்லை. அவன் காது சரியானதா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. மாமா அடி வாங்கியதற்கு அவன் பொறுப்பில்லை. அவன் என்னை அடித்ததற்கும் அவன் பொறுப்பில்லை. நான் அவனை அடித்ததற்கு மட்டும் நான்தான் பொறுப்பு. இதை யாரிடமாவது சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை அம்மா முதுகில் மஞ்சளும் எண்ணெயும் தடவி, சட்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டை வைத்துக் கட்டினாள். நைனா ஒற்றைக் கையால் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசல்வரை வந்தார். யாரும் எங்களை நிறுத்தவில்லை. டீச்சர் இல்லாததால் தலைமை ஆசிரியரே வகுப்புக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். என் பெயர் வந்தபோது கொஞ்சம் தயங்கி, தலையைத் தூக்காமல் வாசித்தார். எழுந்து நிற்பதற்கு எனக்கு நேரம் பிடித்தது.

"உள்ளேன் ஐயா" என்றேன்.