சுகமாகிவிட்டது என்று எழுதிய கடிதம்

கொரோனா வந்து தனித்திருந்து முடிந்தபோது, நான் சுகமாகிவிட்டேன் என்று ஒரு கடிதம் தந்தார்கள். அதைக் காட்டித்தான் துறைமுகத்தில் மறுபடி வேலைக்குப் போனேன். கப்பலிலிருந்து சாமான் இறக்கும் கிரேனை ஓட்டுவது என் வேலை. மேலே உள்ள அறைக்கு இரும்பு ஏணியால் ஏற வேண்டும். பத்தொன்பது வருடம் ஏறிய ஏணி. அன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டேன். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. விழாமல் இருந்தால் போதும் என்று கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன, அங்கேயே பாய் போட்டுத் தரட்டோ?” என்று மேற்பார்வையாளர் கீழே நின்று கேட்டார். என்னோடு ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்களும் சிரித்தார்கள்.

நகரில் ஒரு தனியார் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். “ஒண்டுமில்லை, பயம்தான். நல்லா நடவுங்கோ,” என்றார்.

அந்தச் சொல்லை என் மனைவி பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று நம்ப அவளுக்கு அவ்வளவு ஆசை. தினமும் விடியக் கடற்கரை வீதியில் என்னை நடக்க வைத்தாள்.

“எனக்கு ஏலாது.”

“ஏலாது, ஏலாது எண்டு சொல்லித்தான் உங்களுக்கு ஏலாமல் போகுது. எழும்புங்கோ.”

எழும்பினேன்.

மூன்றாம் மாதம் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது; கதிரையில் இருந்தபடியே தூங்கினேன். ஆஸ்பத்திரியில் இருதயத்தை ஸ்கேன் செய்த பெண் டொக்டர் நெடுநேரம் திரையையே பார்த்தார்.

“காய்ச்சலோட உங்கட இருதயத் தசையும் வீங்கியிருக்கு. வீக்கம் இப்ப வத்தீட்டுது, ஆனால் தழும்பு நிக்குது. முந்தின மாதிரி இரத்தத்தைத் தள்ள இனி அதுக்கு ஏலாது.”

“இவரை நடக்க வைச்சது பிழையோ, டொக்டர்?” என்று மனைவி கேட்டாள்.

“அந்த நேரம் ஓய்வுதான் தேவைப்பட்டிருக்கும்.”

திரும்பி வரும்போது ஓட்டோவில் அவள் அழுதாள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது துறைமுக வாசலில் உட்கார்ந்து லொறி இலக்கம் எழுதுகிறேன். “நீங்கள் தப்பினதே பெரிய விஷயம்,” என்று மேற்பார்வையாளர் போகும்போதெல்லாம் தோளில் தட்டுகிறார். நான் தலையாட்டுகிறேன்.

வீட்டில் மனைவியும் என்னோடு சேர்ந்து டொக்டர் எனக்குச் சொன்ன உப்பில்லாத கறியைத்தான் சாப்பிடுகிறாள். தனக்கு வேறாகச் சமைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “என்னில கோவமோ?” என்றாள்.

“இல்லை,” என்றேன்.

பொய். அவளுக்கும் தெரியும். பயம்தான் என்று சொன்ன அந்த டொக்டரில்தான் நான் கோபப்பட வேண்டும். அவரை மறுபடி நான் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவள் இவள்தான்.