பட்டியலில் வராத மூன்று பேர்

அந்தப் பேட்டரித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் லிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முந்நூறு பேர் ஈயத்தை உருக்கியும் வார்த்தும் பிழைக்கிற இடம் அது. ஈயம் லேசுப்பட்ட சாமான் இல்லை. மூச்சு வழியாகப் போய் ரத்தத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். அளவு நாற்பதைத் தாண்டியவர்களின் பெயரை லிஸ்ட் அக்கா அச்சடித்து வாசல் பலகையில் ஒட்டுவாள். பெயர் வந்தவர் உலைப் பக்கம் போகக்கூடாது. பேக்கிங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியதுதான்.

பத்தொன்பது வருடம் இந்த வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தவள் அவள். ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து காகிதக் கட்டு வரும். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்குவாள். முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும், கழுத்து கழன்றுவிடும். போன வருடம் காகிதம் நின்று, எல்லாம் நேராகக் கம்ப்யூட்டருக்கே வரத் தொடங்கியது. ஃபில்டர் போட மேனேஜர் சொல்லிக் கொடுத்தார். நாற்பதுக்கு மேல் என்று ஒரு தட்டு. முந்நூறு வரியில் இருபதோ இருபத்தைந்தோ மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் மாயமாகிவிடும். அடேயப்பா, அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! டீ கொண்டுவருகிறவரைக்கூட விடவில்லை, உட்காரவைத்துக் காட்டினாள்.

உலையில் அவள் தம்பி இருந்தான். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்க்காமல் அவனை ஆளாக்கியவள் அவள். இந்த வேலையையும் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அதனாலேயே ஒவ்வொரு முறையும் ஃபில்டர் போட்டதும் அவன் பெயரைத்தான் முதலில் தேடுவாள். அது இல்லை என்றால்தான் அன்றைக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

இந்த வருடம் அவன் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். முகம் வெளுத்துப்போனது.

"ஈயம் ஏறியிருக்குமோக்கா? டாக்டரைப் பார்க்கட்டுமா?"

"உன் பேரு லிஸ்ட்லயே இல்லடா. வெளியில கண்டதைத் தின்னா வயிறு வலிக்காம என்ன பண்ணும்? சாக்கு சொல்லாம வேலைக்குப் போ."

அவன் உலைக்குக் கிளம்பினான். அக்காவே பார்த்துச் சொன்னபிறகு அவனுக்கு வேறு என்ன வேண்டும்?

ஒரு திங்கட்கிழமை மதியம் அவள் அறைக்கு வந்து நின்றான்.

"கை தூக்க வரலைக்கா."

நீட்டிக் காட்டினான். வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியது. அவள் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் எரிந்து விழுந்தாள்.

"சந்தேகப் பிராணி! இரு, உன் அளவு எவ்வளவு கம்மின்னு நானே காட்டுறேன்."

ஃபில்டரை எடுத்தாள். மறைந்திருந்த வரிகள் எல்லாம் திரும்பி வந்தன. அவன் பெயருக்கு நேரே எழுபத்தெட்டு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

எழுபதைத் தாண்டினால் பரிசோதனைக்கூடத்தார் அந்தக் குறியைப் போடுவார்கள், உடனே கவனியுங்கள் என்று. காகிதக் காலத்தில் அதுதான் அவள் கண்ணில் முதலில் படும். கம்ப்யூட்டருக்கோ நட்சத்திரம் ஒட்டிய எண் எண்ணே இல்லை, வெறும் எழுத்து. நாற்பதுக்கு மேல் என்று கேட்டால் எண்களை மட்டும்தான் அது காட்டும். ஆக, நாற்பத்தொன்று இருந்தவர் பேக்கிங்கில் பெட்டி மடிக்க, எழுபத்தெட்டு இருந்தவன் உலையில் நின்றிருக்கிறான். கொடுமையைக் கேளுங்கள்!

கீழே வரை இறங்கிப் பார்த்தாள். இன்னும் இரண்டு நட்சத்திரங்கள். மேனேஜருக்குப் போன் போட்டு, அந்த இரண்டு பேரையும் இப்போதே உலையிலிருந்து வெளியே அனுப்புங்கள் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். "என் தப்பு சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு முந்தைய பரிசோதனையைத் திறந்தாள். திறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவுக்கா?" தம்பி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

"எழுபத்தெட்டு."

"போன தடவை?"

"எழுபத்தொண்ணு."

அவன் திரையை எட்டிப் பார்த்தான்.

"அப்பவே டாக்டர்கிட்ட போயிருப்பேன். நீ லிஸ்ட்ல இல்லைன்னு சொன்னியா, அதான் போகலை."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான், அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துவண்ட கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தான்.

"சரியாயிடும்லக்கா?"

இப்போதும் அவன் அவளிடம்தான் கேட்டான்.