நாலு லெட்சுமி, ஒரு பட்டன்

போன ஞாயிறு காலை. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா. பால்குடம் எடுக்கும் நேரம். கோயில் செயலாளர் கோபால் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர். லெட்சுமி!"

நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

மேசையில் "ஆர். லெட்சுமி" என்று ஸ்டிக்கர் ஒட்டிய குடம்... ஒன்றே ஒன்று.

நாலு பேரும் மஞ்சள் சேலை. நாலு பேரும் விரதம். நாலு பேரும் அந்த ஒரு குடத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு சொல்லிவைத்தாற்போல் கோபால் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்ன செய்தார்? மைக்கை ஆஃப் பண்ணாமலேயே என் பக்கம் திரும்பி, "பரமேஸ், என்னா லா இது?" என்றார். பக்கத்து லுக்குட் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஏன் என்னைக் கேட்டார்? அந்தப் பட்டியலைத் தயாரித்த கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதிய மேதை — அடியேன்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பகலில் சிரம்பானில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். எனக்கும் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. போன வருடத் திருவிழாவில் பெயர்ப் பட்டியலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். மழை பெய்தது. மை கரைந்தது. யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்று இரண்டு குடும்பங்கள் கோயில் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். "கம்ப்யூட்டர்ல போட்டுடலாமே அண்ணே!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

மூன்று மாதம் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். டெஸ்க்டாப் புரோகிராம். பெயர் அடிக்க ஒரு பெட்டி, கீழே "பதிவு செய்" என்று ஒரு பட்டன், பக்கத்தில் பட்டியல். அவ்வளவுதான். பட்டனுக்கு எந்தப் பச்சை நல்ல பச்சை என்று முடிவுசெய்யவே ஒரு வாரம் போனது. உள்ளே என்ன நடக்கவேண்டும் என்று யோசிக்க ஒரு சாயங்காலம் போதும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் அடி, கோயில் ஆபீசில் விழுந்தது. என் லேப்டாப்பில் ஜம்மென்று ஓடிய புரோகிராம், கோயில் லேப்டாப்பில் திறந்த உடனே மூடிக்கொண்டது. காரணம்? பட்டியலை என் லேப்டாப்பில், என் பெயரில் உள்ள ஃபோல்டரில் வை என்று விலாவாரியாக முகவரி எழுதியிருந்தேன். கோயில் லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் எங்கே இருக்கும்? புதிதாக எழுதுகிற எல்லோரும் சொல்கிற வசனத்தை நானும் சொன்னேன்.

"என் வீட்டுல ஓடுச்சே அண்ணே..."

"அப்ப கோயில உன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடவா?" என்றார் கோபால் அண்ணன்.

முகவரியை அழித்துவிட்டு, "எந்த மெஷினில் ஓடுகிறாயோ அந்த மெஷினில், புரோகிராமுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்" என்று மாற்றினேன். சரியானது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டாவது அடி அன்றைக்கே. கோபால் அண்ணன் லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பெயர்களைப் பதிவு செய்கிற வேலை அவருடையது. நான் என்ன செய்துவைத்திருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும், மொத்தப் பட்டியலையும் வரிசைப்படுத்தி, பென்டிரைவிலும் ஒரு காப்பி எடுக்கச் சொல்லியிருந்தேன். போன வருட மழை செய்த வேலை... பயம்! கோயில் லேப்டாப்போ மகா கிழடு. அண்ணன் முனுசாமி என்று அடித்து, பட்டனை அழுத்தினார். திரை வெளுத்துப்போனது. மேலே "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வந்தது.

"இது என்னா?"

"பதில் சொல்லலன்னு அர்த்தம் அண்ணே. கொஞ்சம் பொறுங்க."

பொறுப்பாரா? "மோட்டார் ஸ்டார்ட் ஆகலன்னா என்னா செய்வோம்? திரும்ப உதைப்போம்" என்று சொல்லிக்கொண்டே டப், டப், டப்பென்று அழுத்தித் தள்ளினார். திரைக்கு உயிர் வந்தபோது பட்டியலில் முனுசாமி ஒன்பது தடவை இருந்தார். அழுத்திய அழுத்தல் எதுவும் வீணாகவில்லை. எல்லாம் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக உள்ளே போயிருக்கின்றன.

இதைச் சரிசெய்ய நேர்வழி ஒன்று உண்டு. எங்கள் கிளினிக்கிலேயே அது நடக்கிறது. கவுண்டரில் இருக்கிற நானே ஃபைல் தேட உள்ளே போய்விட்டால், வெளியே நிற்பவர் என்ன செய்வார்? கண்ணாடியைத் தட்டுவார். மறுபடி தட்டுவார். அதனால் ஃபைல் தேட உள்ளே வேறொருவர். நான் கவுண்டரை விட்டு நகராமல் "தேடுறாங்க, உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். புரோகிராமிலும் அதேதான். நேரம் பிடிக்கிற வேலையைப் பின்னால் தனியாக ஓடவிட வேண்டும். அது முடியும்வரை பட்டனைப் பூட்டிவைத்து, "பொறுங்கள்" என்று திரையில் சொல்ல வேண்டும்.

தெரிந்திருந்தும் செய்தேனா? இல்லை. வீடியோவில் அந்தப் பாடம் நீளமாக இருந்தது. எனக்குச் சோம்பல்.

குறுக்குவழி ஒன்று போட்டேன். ஒரே ஒரு வரி. "ஏற்கெனவே உள்ள பெயர் மறுபடி வந்தால், சேர்க்காதே." அண்ணன் ஒன்பது தடவை உதைத்தாலும் முனுசாமி ஒருவர்தான் உள்ளே போவார். எப்படி என் மூளை? கூடவே ஒரு மகா தப்பும் செய்தேன். சேர்க்காமல் விட்டதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று, எப்போதும்போல் "பதிவு ஆகிவிட்டது" என்றே காட்டச் சொன்னேன். அண்ணனைக் குழப்புவானேன் என்ற நல்ல எண்ணம்தான். ஏற்கெனவே ஏறியிருந்த உபரி முனுசாமிகளைக் கையால் அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எங்கள் எஸ்டேட்டில் அப்பாக்கள் யார்? ராமசாமி, ரெங்கசாமி, ராஜூ, ராமையா. மகள்கள் யார்? லெட்சுமி, லெட்சுமி, லெட்சுமி, லெட்சுமி. லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீட்டுக்கு, ஒரு லெட்சுமி இல்லாமல் எங்கள் எஸ்டேட் இருந்ததே கிடையாது. இப்போது எல்லோரும் லுக்குட், செண்டாயான், சிரம்பான் என்று போய்விட்டாலும், திருவிழாவுக்குக் குடம் எடுக்க வந்துவிடுவார்கள். முதல் ஆர். லெட்சுமி பெயர் கொடுத்தார், ஏறியது. மற்ற மூன்று பேரும் பெயர் கொடுத்தார்கள். "பதிவு ஆகிவிட்டது" என்று பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டே, என் புரோகிராம் மூன்று பேரையும் குப்பையில் போட்டது.

பெயரை ஏன் நம்பினாய், அடையாள அட்டையில் உள்ள ஐசி நம்பர் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்டேனே! "ஐசி நம்பரா? எதுக்கு? ஸ்கேமா?" என்று என் சொந்தச் சித்தியே போனை வைத்துவிட்டார்.

சரி, கோயிலுக்கு வருவோம். ஒரு குடம், நாலு லெட்சுமி. பட்டியல்படி எண்ணித்தான் சிரம்பானில் குடம் வாங்கியது. "ஒண்ணுகூட வீணாகாது, ஒண்ணுகூட குறையாது" என்று கூட்டத்தில் மார்தட்டியவள் நான்தான். குடங்களுக்கு முதல் நாளே பூஜை போட்டாகிவிட்டது. சமையற்கட்டிலிருந்து ஏதோ ஒரு பாத்திரத்தைத் தூக்கிவந்து கையில் கொடுக்க முடியாது. குருக்கள் வேறு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒம்போதரைக்குள்ள குடம் கிளம்பணும்" என்றார். மணி ஒன்பது தாண்டிவிட்டது.

"எந்த லெட்சுமி முதல்ல பேரு குடுத்தது?" என்று நான் கேட்டேன்.

"நான்தான்!" என்றார்கள். நாலு பேரும்.

கோபால் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்கப்பா எஸ்டேட்டுல ஆளுங்கள வேல வாங்குற தண்டலா இருந்தாரு. காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிறப்ப, லெட்சுமின்னு கூப்பிட்டா ஒரு கூட்டமே வரும். அதுக்குத்தான் ஆளுக்கொரு பட்டப்பேரு. கூப்பிட்டா ஒருத்திதான் வருவா. இதுகூடவா உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது?"

சொல்லிவிட்டு மைக்கில் ஆரம்பித்தார். "கேண்டீன் லெட்சுமி!" பள்ளிக்கூட கேண்டீன் நடத்துகிற லெட்சுமி. அவர்தான் முதலில் பெயர் கொடுத்தவர் என்று அண்ணனுக்கு நினைவு வந்துவிட்டது. இருந்த குடம் அவருக்கு. "ரேடியோ லெட்சுமி!" வாய் ஓயாதவர். "ஊசி லெட்சுமி!" எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயந்து ஜன்னல் வழியாகக் குதித்தவர். "சேவல் லெட்சுமி!" ஏழு வயதில் பக்கத்து வீட்டுச் சேவல் துரத்தி, எஸ்டேட் ஆபீஸ் மேசைக்கு அடியில் போய் ஒளிந்தவர். கோயிலே சிரித்தது. யார் யார் என்று தெரிந்துவிட்டது. சரி... குடம்?

அப்போதுதான் முனுசாமி அண்ணன் வந்தார். "எனக்கு மட்டும் எதுக்கு மூணு குடம் வச்சிருக்கீங்க? எனக்கு என்னா ஆறு கையா இருக்கு?"

நான் கையால் அழித்ததில் இரண்டு முனுசாமி தப்பியிருக்கிறார்கள்! ஸ்டிக்கரைக் கிழித்து, ஒன்றை ரேடியோவிடமும் இன்னொன்றை ஊசியிடமும் கொடுத்தோம். என் ஒரு தப்பு இன்னொரு தப்பைக் காப்பாற்றியது. ஆத்தாவுக்கு எங்கள்மேல் இரக்கம்.

பாக்கி நின்றது சேவல் லெட்சுமி. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அந்த ஒரு காலைக்காக இரண்டு பேரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாருல கட்டி இருந்துச்சு பரமேஸ். சிரம்பான் ஆஸ்பத்திரில எடுத்துச் சோதிச்சாங்க. ஒண்ணும் இல்லன்னு வந்தா குடம் எடுக்கிறேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருந்தேன். ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு. பேரு ஏறிச்சான்னு கேட்கத்தான் மூணு தடவ உனக்குப் போன் பண்ணேன். நீ எடுக்கல."

ஆமாம். தெரியாத நம்பர். நானும் ஸ்கேம் என்று நினைத்து எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்றும் வந்து கிடந்தது. அதையும் கேட்கவில்லை.

"பரவால்ல லா. அடுத்த வருசம் எடுத்துக்கிறேன்" என்று சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. அப்படியே செருப்பு கழற்றிவைத்த பக்கம் நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து, கோபால் அண்ணன் பட்டியலின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். முதல் வரிசை, முதல் பெயர் — "பரமேஸ்". நான்தான். புரோகிராம் வேலை செய்கிறதா என்று பார்க்க முதன்முதலில் என் பெயரைத்தான் அடித்தேன். சோதனைக்கு அடித்ததை அழிக்க வேண்டும் என்பது பாலபாடம். அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு வேண்டுதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆளோடு ஆளாகக் குடம் எடுத்தால் போட்டோவில் நன்றாக இருக்குமே என்று விட்டுவைத்தேன். புதுச் சேலைகூட எடுத்துக் கட்டியிருந்தேன்.

"பரமேஸ்!" என்றார் அண்ணன் மைக்கில்.

நான் என்ன செய்தேன்? லேப்டாப்பில் ஏதோ முக்கியமாகத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"பரமேஸ்!"

இன்னும் குனிந்தேன்.

"பரமேஸ்!... ஐயோ, இது நாட் ரெஸ்பாண்டிங் லா!"

அவ்வளவுதான். கோயிலே குலுங்கிச் சிரித்தது. குருக்கள் சிரித்தார், நாதஸ்வரக்காரர் சிரித்தார், என் சித்தி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. எழுந்தேன். என் குடத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்பு மாட்டப்போனவள் பின்னால் ஓடினேன். "லெட்சுமி, நில்லு டீ!"

அண்ணன் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, மார்க்கர் பேனாவால் "சேவல் லெட்சுமி" என்று குடத்தில் கொட்டையாக எழுதினார். "இத ஏன் லா எழுதுறீங்க!" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். குடம் தலையில் ஏறியது. ஒன்பதரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கிளம்பினார்கள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், அவள் குடத்தைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபோது சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கள் சாயங்காலமே அந்த நீளப் பாடத்தை உட்கார்ந்து பார்த்து முடித்தேன். இப்போது பட்டனை அழுத்தினால் அது சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்கிறது. "பொறுங்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்கிறது. வேலை பின்னால் நடக்கிறது. அதே பெயர் மறுபடி வந்தால் தூக்கி எறிவதில்லை. "இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், இவர் வேறு ஆளா?" என்று கேட்கிறது. கூடவே ஒரு புதுப் பெட்டி — பட்டப்பெயர். அது இல்லாமல் பட்டன் வேலை செய்யாது.

கோபால் அண்ணனைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். முதல் பெயர்: பரமேஸ். பட்டப்பெயர்: நாட் ரெஸ்பாண்டிங். "சோதிக்கத்தான் லா" என்றார். அழிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

லுக்குட் பாசாரில் இப்போது எல்லோரும் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்... முதல் தடவையிலேயே திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.