சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை

எங்க ஃபோன் ஆப்பு மீன்பிடிக்கப் போறவங்களுக்கானது. தண்ணிக்கடியில பாறை எங்க கீது, அங்க ஆழம் எத்தினி பாகம்னு காட்டும். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். எங்க ஆளுங்க கயித்த அப்படித்தான் அளப்பாங்க. ஓப்பன் சோர்ஸ். யாரு வேணா கோடுல கை வைக்கலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் படூர்ல குந்திகினு ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல அதக் கட்டி மேய்க்கிறேன்.

ஒவ்வொரு வெர்ஷனுக்கும் இன்னா மாறிச்சுன்னு சேஞ்ச்லாக் எழுதணும். மாமல்லபுரத்துக்குத் தெக்கால எங்க குப்பத்துல எங்க அண்ணன் அதப் படிச்சு வாய்ஸ் மெசேஜா குரூப்ல போடுவாரு. போட்டக் கடல்ல எறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. ஆனா எழுத மட்டும் ஒருத்தனும் வரமாட்டான். ஒவ்வொருத்தன் மாத்துனதையும் நானே தோண்டித் தோண்டி எழுதணும். பேஜாரு.

அதுக்குத்தான் ஒரு டூல் கொண்டாந்தேன். கோடு அனுப்பும்போதே, இன்னா மாத்தினேன்னு சின்ன ஃபைல்ல ஒரு வரி வைக்கணும். இல்லாட்டி உள்ள சேராது. ரிலீஸ் அன்னிக்கு டூலே எல்லாத்தையும் கோத்துக் குடுத்துரும். அப்பாடான்னு இருந்துச்சு.

எங்க இருக்க வுட்டாங்க? டூல்ல 'இதர'ன்னு ஒரு வகை கீது. எழுத்துப்பிழை மாதிரி சில்லறைத் திருத்தத்துக்கு. அதுல போட்டா ஒண்ணும் எழுத வேணாம், லாக்லயும் வராது. அத மோப்பம் புடிச்சுட்டாங்க. அத்தினி பேரும் அதுலயே கொண்டாந்து கொட்டினாங்க.

பெங்களூர்ல ஒரு தம்பி, கெட்டிக்காரன்தான், பாகத்த மீட்டரா மாத்துனான். அவனுக்கு அதுவும் 'இதர'. டூலும் சரின்னு பச்சை டிக் போட்டுச்சு, எங்க டீம்ல இன்னொருத்தர் சேத்துட்டாரு. ரிலீஸ் அன்னிக்கு எல்லாமே இதர. எழுத ஒண்ணுமில்லன்னா டூல் தானாவே ஒரு வரி போடும்: சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. அண்ணன் அதக் கணீர்னு படிச்சுப் போட்டாரு.

மறுநாள் ஒரு புது எடத்துல ஆப்பு எட்டுன்னு காட்டியிருக்கு. அண்ணன் எட்டு பாகத்துக்கு வலைக்கயித்த வுட்டுட்டாரு. நெசத்துல அது நாலரை பாகம்கூட இல்ல. வலை பாறையில சிக்கி, பாதிதான் திரும்பி வந்துது. எட்டுக்குப் பக்கத்துலயே பொடி எழுத்துல 'மீ'ன்னு இருந்துச்சாம். ஆடுற போட்டுல எவன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பான்?

பெங்களூர் தம்பிய ஃபோன்ல புடிச்சேன். "பாகத்துல இன்னுமா அளக்குறாங்க, சார்?"ன்னான்.

அன்னிக்கே 'இதர'வப் புடுங்கிப் போட்டேன், பாகத்தயும் திருப்பி வெச்சேன். ரெண்டு பேரு கோச்சுக்கினு போயிட்டாங்க. போனாப் போவட்டும்.

அடுத்த ரிலீஸுக்கு லாக் அத்தினி அழகா வந்துது. ஆழம் பழையபடி பாகத்துல, பட்டன் கலர் மாறிச்சு, ரெண்டு எழுத்துப்பிழை. அண்ணனுக்கு அனுப்பிட்டுக் காத்துகினு இருந்தேன். குரூப்ல வாய்ஸே வரல. ஃபோன் போட்டேன்.

"படிச்சேன்டா,"ன்னாரு. "இவ்ளோதான் மாறிச்சா, இல்ல இவ்ளோதான் எழுதனாங்களா?"

அவரு கயித்துல கல்லக் கட்டி ஆழம் பாத்துட்டுதான் இப்போ வலை வுடறாரு.