ஜிமிக்கியில் ஏறிய சிவப்பு

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் காலை பத்தரைக்கு வரும், பன்னிரண்டுக்குப் போய்விடும். எம்.கே.பி. நகரில் நெருக்கமான இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, இரண்டாவது மாடியில் குடியிருந்தால் அவ்வளவுதான் கிடைக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் என் தங்கை செய்யும் ஜிமிக்கிகளை நான் போனில் படம் எடுப்பேன்.

ஸ்டூடியோ என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஒரு ஸ்டூல், அதன்மேல் சுவரோடு வளைத்துவிட்ட பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம், அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு துணி கிளிப், நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. போன் ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்திருக்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் தாளில் கரித்தூள் வந்து உட்காரும், ஊதித் தள்ள வேண்டும். ஊதினால் ஜிமிக்கி ஆடும். அது ஆடி நிற்கும்வரை நான் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த மார்கழியில் வண்ணாரப்பேட்டை கடைக்கார பாய் ஒருவர், தங்கையின் வெள்ளி நிற ஜிமிக்கிகளைத் தன் ஆன்லைன் கடையில் போடுவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு முறை படம் அனுப்பினோம். வெள்ளி கேட்டால் செம்பு அனுப்புகிறீர்களே என்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவதற்குள் சரியாக வந்தால் பார்ப்பேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

தங்கை ஷூ கம்பெனி பேக்கிங் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். "இந்த தபாவும் திரும்பி வந்துச்சின்னா நா கம்பெனிக்கே பூட்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு, மணிகளை டப்பாவில் போட்டு மூட ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். டப்பாவை மூடிய சத்தம்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். படம் அதே சிவப்பில் வந்தது. போனைத் திட்டினேன், அவள் அடித்த பாலிஷைத் திட்டினேன். பசியில் இட்லித் தட்டைக் கொண்டுவந்து ஸ்டூலின் ஓரத்தில் வைத்துக்கொண்டே அடுத்த படத்தை எடுத்தேன். தட்டும் படத்தில் விழுந்துவிட்டது. பார்த்தால் இட்லியும் சிவந்திருந்தது.

இட்லிக்கு யாரும் பாலிஷ் போடவில்லையே என்று நிமிர்ந்தேன். எதிர் பிளாக் கம்பியில் ஆறு சிவப்புப் புடவைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வீட்டு அக்கா அம்மனுக்கு மாலை போட்டிருந்தார். அவரோடு இருமுடி கட்டப்போகிற பெண்களும் அங்கேயே தங்கியிருந்தார்கள். தினமும் குளித்துத் துவைத்துப் போடும் அத்தனை புடவையின் நிறமும் நேராக எங்கள் ஜன்னலில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த அக்காவோடு எனக்கு நாலு மாதமாகப் பேச்சில்லை. தண்ணி லாரி வரிசையில் என் குடத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார் என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தேன். மணி பதினொன்றரை. தங்கை என்னைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

"மால போட்டுக்கினு கீறேன், கோவப்படக் கூடாது. இல்லாங்காட்டி ஒன் கொடத்து கதைய பேசி முடிச்சிட்டுத்தான் பொடவையில கைய வெப்பேன்" என்றார்.

புடவைகளை உள்ளே எடுத்தார். அதோடு விடாமல் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி இரண்டைக் கொண்டுவந்து கம்பியில் போட்டார். நான் திரும்பி வந்து பார்த்தபோது வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. காற்று வேட்டியைத் தூக்கியடிக்க, அது பறக்காமல் அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிப் படம்வரை அங்கேயே நின்றார்.

பாய் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தங்கை சத்தமாகப் போட்டாள். "இப்பத்தாம்மா வெள்ளி வெள்ளியா கீது. அந்த ஒண்ணுல மட்டும் நடுவுல செவப்புக் கல்லு வெச்சிகிறியே, அதான் சூப்பரு. அத்தயும் சேத்துக் குடு."

நாங்கள் எதிலும் கல் வைக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஜிமிக்கியின் நடு மணியில், ஒரு கடுகளவுக்கு, சிவப்புப் புடவை கட்டிய எதிர் வீட்டு அக்கா வேட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. பிறகு தங்கை மூடிவைத்த டப்பாவைத் திறந்து சிவப்புக் கல்லைத் தேட ஆரம்பித்தாள்.

முதல் ஜோடியை எதிர் பிளாக்குக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் அக்கா தண்ணி லாரிக்கு வந்தார். வந்தவர் என் குடத்தை எடுத்துத் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார்.