கதவுப் பக்கத்து நிறம்

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை நீட்டினால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வேலை பார்த்த காலமெல்லாம் தம்பானூரில் பெண்கள் ஹாஸ்டலில் இருந்தவள். சுவரில் ஆணி அடிக்கக்கூட வார்டனைக் கேட்க வேண்டுமாம். ஓய்வு பெற்று வலியசாலையில் எங்களோடு இருக்க வந்தபோது, பின்கட்டு அறையை அவளுக்கென்று ஒதுக்கி, "என்ன கலர்னு நீயே சொல்லு அக்கா" என்றார் அப்பா. அதுவே பெரிய தாராளம் என்று எங்களுக்கு நினைப்பு.

பெயிண்ட்காரர் ஜன்னல் பக்கம் ஒரு திட்டு, கதவுப் பக்கம் ஒரு திட்டு அடித்துக் காட்டினார். இரண்டுமே நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். எங்கள் கண்ணுக்கு ஒன்றுதான். அத்தை காலையில் பார்த்தாள், வெயிலேறிப் பார்த்தாள், சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டுப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை பாக்கறதுக்குக்கூட இத்தனை நாழி ஆகாது!" என்று அம்மா சிரித்தாள்.

"பகல்ல ரெண்டும் அக்கா தங்கையாட்டம் இருக்குடி. லைட்டைப் போட்டா கதவுப் பக்கத்துக்காரி பாசி பிடிச்ச குளமாயிடறா. ஹாஸ்டல் ரூம் அதே பாசிதான். பாத்துப் பாத்து போறும்னு ஆயிடுத்து. எனக்கு ஜன்னல் பக்கத்தது."

மிச்சச் சாமான்களை எடுத்துவர அத்தை ஹாஸ்டலுக்குப் போன அன்று வேலை நடந்தது. ஜன்னல் பக்கத்து நிறம் கடையில் தீர்ந்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணு தன்னே சாரே, ஆருக்குத் தெரியும்?" என்றார் பெயிண்ட்காரர், மலையாளம் கலந்த தமிழில்.

"அடிச்சுடும். அக்கா கண்டுபிடிச்சா எம்பேரை மாத்திக்கறேன்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை வந்தாள். அப்பா கண்ணைக் காட்ட, நான் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் அத்தை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"நன்னாருக்குடா. நான் சொன்னதேதான்."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு சாயங்காலங்களில் அத்தை அறையில் விளக்கு எரியாது. கேட்டால், கண் கூசுகிறது என்பாள். "கரண்டை மிச்சம் பிடிக்கறா, ஹாஸ்டல் பழக்கம்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

நானோ நல்ல பெண்ணாகத் தினமும் போய், "இருட்டுல ஏன் அத்தை உக்காந்திண்டிருக்கே?" என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டு வருவேன். அவள் ஒருநாளும் வேண்டாமென்றதில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "சமத்து" என்பாள்.

அந்தச் சொல்லுக்காகவே மறுநாளும் போவேன்.